இன்னும் ரெண்டு தலை

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி முடிச்சுப் போட்டதும் வசீகரனுக்கு இரண்டு கையும் இல்லாமல் போய்விட்டது. இருக்கிறது, துணிக்கு அடியில் தொடைமேல் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் எடுத்து ஒன்றும் செய்ய முடியாது, சலூன் நாற்காலியில் உட்கார்ந்த எவனுக்கும் இதுதான் நிலைமை, கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் துணிக்கு மேலே வெறும் தலைதான், மூக்கில் முடி விழுந்தால் உதட்டைக் கோணி ஊதிக்கொள்ள வேண்டியதுதான். எதிரே கண்ணாடியில் அவனுடைய தலை மிதந்தது. பத்தொன்பது வயதுத் தலை, காடாக வளர்ந்த முடி, விடைத்த காது. பின்னால் ராஜாங்கம் அண்ணன் தண்ணீர்ப் புட்டியை அமுக்கிப் புஸ் புஸ் என்று அடித்தார். "எப்பவும் போலத்தானப்பா?" "எப்பவும் போலத்தாண்ணே." அந்த இடத்தில் கேட்டிருக்கலாம். எல்லாமே எப்பவும் போலத்தானாண்ணே, நீங்க எங்களோடதான் இருக்கீங்களா, இல்ல அந்தப் பெரிய கம்பெனிக்குப் போயிட்டீங்களா. கேள்வி வாய் வரைக்கும் வந்தது, வந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. நஸ்ரின் அக்கா அவனை அனுப்பியதே இந்த ஒரு கேள்விக்குத்தான். முடியெல்லாம் அப்புறம் வெட்டிக்கடா, மொதல்ல கேளு என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். இவன் முதலில் முடி வெட்ட உட்கார்ந்துவிட்டான், ஏனென்றால் உள்ளே நுழைந்ததுமே கண்ணாடிக்குக் கீழே பலகையில், படிகாரக் கட்டிக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில், அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டான். ஊதா நிறப் பெட்டி, மேலே பெரிய கம்பெனியின் சின்னம். இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பிரிக்காத பெட்டிக்கு என்ன அர்த்தம், சாவகாசமாகப் பிரிக்கலாம் என்றா, பிரிக்கவே வேண்டாம் என்றா, வேண்டாம் என்றால் அது ஏன் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கத்தரி காதுக்கு மேலே வெறும் காற்றை இரண்டு தடவை வெட்டிப் பார்த்தது, சிக் சிக், பிறகுதான் முடிக்கு வந்தது. எல்லோரும் ஏன் முதலில் காற்றை வெட்டுகிறார்கள், காற்றுக்கு அப்படி என்ன வளர்ந்துவிட்டது. இதைக் கேட்கலாமா. இதைக் கேட்பது சுலபம்.

வெளியில் இருந்து பார்த்தால் வசீகரனும் நஸ்ரின் அக்காவும் செய்தது பெரிய விஷயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனால் பெஞ்சு நிறைய ஆள், ராசிபலன், வரி விளம்பரம், போன வாரப் பேப்பர் எல்லாம் படித்து முடித்தாலும் முறை வராது. பேரை மட்டும் போனில் போட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுங்க, உங்களுக்கு முன்னாடி ரெண்டு தலை இருக்கும்போது நாங்க கூப்பிடுறோம், வந்து நேராக நாற்காலியில் உட்காருங்க. அவ்வளவுதான். கம்பெனிக்குப் பேரே 'ரெண்டு தலை'. கம்பெனி என்பது வில்லாபுரத்தில் நஸ்ரின் அக்கா வீட்டு மாடியறையும், ஒரு லேப்டாப்பும், தலையை ஆட்டாமல் ஒரே பக்கம் வீசும் ஒரு டேபிள் ஃபேனும். பாலிடெக்னிக் முடித்த அக்கா மென்பொருளை எழுதினாள். குரல் வசீகரனுடையது. அவனுடையது என்றா சொல்வது, அவன் தொண்டையில் ஒரு தெருவே குடியிருந்தது, யாரும் இதுவரை வாடகை கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் குரலில், "கனமழை காரணமாக, ம்க்கும், இன்று பிற்பகல் வகுப்புகள் நடைபெறா" என்று மைக்கில் சொல்லிப் பாதிப் பள்ளிக்கூடத்தைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியவன், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்ததை அந்தப் பாதியில் ஒருத்தன்கூட யோசிக்கவில்லை. அக்கா அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா குரலில், "நஸ்ரினு, மோட்டார நிப்பாட்டும்மா, தண்ணி வழியுது" என்று சொல்லி அவளைத் திரும்பத் திரும்ப மாடியிலிருந்து இறக்கியவன். கடைசித் தடவை அவள் விளக்குமாற்றோடு இறங்கி வந்தாள். அடி விழப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டான். அவள் படியிலேயே நின்று, "டேய், இதையே போன்ல பண்ணுவியா?" என்றாள். ஊரே தொல்லை என்று சொன்ன ஒன்றைத் தொழில் என்று பார்த்த முதல் ஆள். அந்த விளக்குமாறு அன்றைக்கு விழுந்திருந்தால் இவன் இன்றைக்கு எங்கே இருந்திருப்பான், இதே சலூனில்தான் இருந்திருப்பான், ஆனால் சும்மா முடி வெட்டிக்கொள்ள வந்தவனாக. அப்படி வந்திருந்தால் நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

முதலில் பஸ் கண்டக்டர் குரலில் கூப்பிட்டார்கள். "ராஜாங்கம் சலூன் எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க, இன்னும் ரெண்டு தலைதான், சில்லறைய எடுத்து வச்சுக்கங்க." ரயில்வே அம்மா குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, உங்கள் நாற்காலி இன்னும் சற்று நேரத்தில்." காய்கறி டெம்போ குரல், கோயில் மைக்செட் குரல். எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள், ஆனால் சிரித்துவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார்கள். கடைசியில் ஒரு நாள் ராஜாங்கம் அண்ணன் குரலிலேயே பேசினான். நாக்கை மேல் பல்லில் ஒட்டி எடுத்து ஒரு ட்ச். பிறகு ஓர் 'அப்புறம்'. அதற்குப் பிறகு அவர் விடும் ஓர் இடைவெளி, அதில் ஒரு டீயே குடித்துவிடலாம். பிறகு மூக்கால், "இன்னும் ரெண்டு தலைதான், அப்புடியே கெளம்பி வந்தீங்கன்னா சரியா இருக்கும்." கேட்டவன் எவனும் அதற்குமேல் படுக்கையில் இல்லை, சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். ராஜாங்கம் இந்தப் பக்கத்து முடிதிருத்துவோர் சங்கச் செயலாளர், அவர் கடையில் ஓடுகிறது என்று தெரிந்ததும் ஜெய்ஹிந்துபுரம், அவனியாபுரம், அனுப்பானடி என்று ஒவ்வொரு கடையாக வந்தது. வந்தது எல்லாம் அவர் பின்னால் வந்தது. அவர் திரும்பினால் எல்லாம் திரும்பும், மாடியறையில் ஃபேன் மட்டும் அவர்கள் இரண்டு பேருக்காக ஒரே பக்கம் வீசிக்கொண்டிருக்கும். "தலைய நேரா வையி" என்றார் ராஜாங்கம், தாடையைப் பிடித்துத் திருப்பி. விரலில் சீகைக்காயும் டெட்டாலும் கலந்த ஒரு வாசனை. அந்த விரலைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போகப்போகிற விரல் தாடையை இப்படியா பிடிக்கும், அல்லது விட்டுவிட்டுப் போகப்போகிற விரல்தான் இவ்வளவு பதமாகப் பிடிக்குமா. வலது தொடை திடீரென்று கிடுகிடுவென்று நடுங்கியது. போன். அக்கா. கேட்டியா கேட்டியா கேட்டியா என்று தொடைச்சதையில் தந்தி அடித்தாள். "என்னப்பா, துணி ஆடுது" என்றார் அவர். "அக்காண்ணே." "எடுக்கலையா?" "கை உள்ள இருக்குண்ணே." பெஞ்சில் பேப்பருக்குப் பின்னால் இருந்த ஆட்டோக்கார மலைச்சாமி, "அவனுக்கு வாய்தான் வேலை, கையி எதுக்கு?" என்றார். "தம்பி, போன வாரம் உன் போன என் வீட்டம்மா எடுத்துட்டா. ராஜாங்கம் அண்ணன் பேசுறாருன்னு, பொண்ணு கல்யாணம் என்னாச்சு, முட்டி வலி எப்புடி இருக்குன்னு பத்து நிமிசம் கேட்டிருக்கா. பதிலே சொல்லலையாம். அவரு ஏதோ மனசு சரியில்லாம இருக்காரு போலன்னு எங்கிட்ட வருத்தப்பட்டா." கத்தரி நின்று, ராஜாங்கம் சிரித்து முடித்த பிறகு மறுபடி ஓடியது. இவர்களுக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும், ஒரு பதிவு செய்த குரலிடம் முட்டி வலியை விசாரித்த அந்த அம்மாவுக்கு.

பெங்களூரிலிருந்து பெரிய கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். முதலீடு பற்றிப் பேசலாம் என்று வந்தவர்கள், மாடியறைக்குள் குனிந்து நுழைந்து, பாயில் உட்காரத் தெரியாமல் காலை எங்கே வைப்பது என்று தவித்தவர்கள். அக்கா கணக்கு வழக்கு காட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தாள். அதற்குள் இவன் கண்டக்டர் ஆகிவிட்டான். ஒருவர் சிரித்தார். அவ்வளவு போதும், சிரிக்கிற ஒரு முகம் கிடைத்துவிட்டால் இவனுக்கு நிறுத்தத் தெரியாது, கண்டக்டரிலிருந்து ரயில்வே அம்மா, அம்மாவிலிருந்து ஹெட்மாஸ்டர், எந்தக் குரலுக்கு யார் எழுந்து வருகிறார்கள், எதற்கு வருவதில்லை, ஷேவிங் ஆளுக்கு எப்போது கூப்பிட வேண்டும், பிள்ளைகளோடு வருகிறவரை எத்தனை தலையாக எண்ண வேண்டும், எல்லாவற்றையும் குரல் குரலாக நடித்துக் காட்டினான். ரெக்கார்ட் பண்ணிக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். தாராளமா பண்ணிக்கங்க என்று கலெக்டர் குரலில் அனுமதி கொடுத்தான். வேறு எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு தப்பைப் பண்ணியிருக்காது, மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வக்கீலைப் பார்ப்பார்கள், இவர்கள் சமோசா வாங்கிக் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பெரிய கம்பெனியின் செயலியில், சாப்பாடு, மருந்து, கேஸ் எல்லாம் கொண்டுவரும் அதே செயலியில், 'உங்கள் முறை' என்று ஒரு புதுக் கட்டம் வந்துவிட்டது. அக்கா அதில் ஒரு பேரைப் போட்டுப் பார்த்தாள். போன் அடித்தது. ட்ச். அப்புறம். டீ குடிக்கிற இடைவெளி. இன்னும் ரெண்டு தலைதான். அக்கா லேப்டாப்பைப் படீரென்று மூடினாள். வசீகரனுக்கு, சொன்னால் அடிக்க வருவாள், முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கேயோ ஒரு கண்ணாடி அறையில், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு ஆள் இவன் செய்த ட்ச்-ஐத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு நாக்கைப் பழக்கியிருக்கிறான். எந்த வாத்தியாரும் இவன் பேச்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. அந்த ஆளை நினைத்தால் கோபம் வர மறுக்கிறது, ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் போல இருக்கிறது, அண்ணே 'அப்புறம்'ல இன்னும் கொஞ்சம் சளி வேணும்ணே என்று சொல்லிக் கொடுக்கலாம் போல. இப்போது சேலத்தில், கடலூரில், நாகர்கோவிலில், எந்த ஊர்ச் சலூன்காரர் கூப்பிட்டாலும் ட்ச் என்கிறார். தமிழ்நாட்டு முடிதிருத்துபவர் எல்லாருக்கும் ராஜாங்கத்தின் நாக்கு வந்துவிட்டது, ராஜாங்கத்துக்குத் தெரியுமோ என்னவோ.

இடது பக்கம் முடிந்து கத்தரி பின்னந்தலைக்குப் போனது. கண்ணைச் சொக்கியது. பலகையில் ஊதாப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ராஜாங்கத்தின் பட்டன் போன் கிடந்தது, எண்கள் எல்லாம் தேய்ந்து வழுக்கையாகிப்போன போன், பவுடர் படிந்து வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு வாசனை, அப்பா லுங்கியோடு டிவி முன்னால், இவனுக்கு ஏழெட்டு வயதிருக்கும். அப்பாவின் போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. அப்பா எடுக்கவில்லை, எடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதுபோல எழுந்து சட்டையை மாட்டினார். "கெளம்புடா, ராஜாங்கம் கூப்டுட்டான், ரெண்டு தலைதான் இருக்காம்." யார் சொன்னார்கள் ரெண்டு என்று, போனை எடுக்கவே இல்லையே. கேட்டான், கேட்டது இப்போது நினைவு வருகிறது, "அவன் மிஸ்டு கால் குடுத்தா ரெண்டு தலைன்னு அர்த்தம்டா" என்றார் அப்பா. கண் திறந்துகொண்டது. கண்ணாடியில் தலை அப்படியேதான் இருந்தது. ஆக அதுதானா. மாடியறையில் ஒரு நாள் திடீரென்று உதித்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானே, குளிக்கும்போது வந்தது என்று பெங்களூர்க்காரர்களிடம் தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு நடித்துக்கூடக் காட்டினானே, அது எங்கிருந்தும் உதிக்கவில்லை, இந்தப் பட்டன் போனிலிருந்து ஒற்றை மணியாக அடித்து இவன் வீட்டுக்கே வந்தது. எண்ணமும் இவருடையது, குரலும் இவருடையது, ரெண்டு தலை என்ற பேரும் இவருடையது. இவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணே, ரெண்டு தலை இருக்கும்போது கூப்பிட்டுச் சொல்லிருவோம்ணே, இப்புடி ஒண்ணு உலகத்துலயே கெடையாதுண்ணே என்று விளக்கியபோது இவர் என்ன செய்தார். கையில் சோப்பு நுரையோடு முழுக்கக் கேட்டார். "நல்லா இருக்கேப்பா" என்றார். தன் குரலையே போனில் முதன்முதலாகக் கேட்டபோது, "எனக்கு இப்புடியா மூக்கால வருது?" என்று மட்டும் கேட்டார், அதுவும் மலைச்சாமியிடம். ஞாயிறு ஞாயிறாக இந்தப் பெஞ்சில் இடம் கொடுத்தார், யார் எப்போது வருகிறார்கள் என்று இவர்கள் குறித்துக்கொண்டே இருக்க, டீ வரும்போது இவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். இதெல்லாம் நான் எப்பவோ பண்ணதுதாண்டா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை, தோன்றவே இல்லையா, தோன்றியும் விட்டுவிட்டாரா. நெஞ்சுக்குள் என்னவோ வெதுவெதுப்பாக ஏறியது, வெந்நீர் வாளியில் கை வைத்த மாதிரி. கூடவே அந்தப் பயமும் போகாமல் அங்கேயே இருந்தது. இவ்வளவு கொடுத்தவர் போதும் என்று நிறுத்திக்கொண்டால் எந்த வாயால் ஏன் என்று கேட்பது. கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது, இனி அது வாய்க்குள்ளேயே கொள்ளாது.

"குனிப்பா" என்றார். குனிந்தான். பிடரியில் ஈரப் பிரஷ், பிறகு பிளேடின் குளிர். இந்த ஒரு நேரத்தில் மனிதன் மூச்சைக்கூட யோசித்துத்தான் விடுகிறான். அப்போது பட்டன் போன் அடித்தது. ராஜாங்கம் நுரை படாத முழங்கை எலும்பால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டார். "சார் வணக்கம், 'உங்கள் முறை'லேருந்து தீபக் பேசறேன்" என்றது ஒரு குரல், பல் விளக்கிப் பவுடர் போட்ட குரல், முன்னால் லேசான ஒரு புன்னகையைத் தடவி வைத்திருந்தது. வசீகரனின் நாக்கு அதை ஒருமுறை ருசி பார்த்துப் பத்திரப்படுத்திக்கொண்டது, அதற்கு நேரம் காலமே தெரியாது. ராஜாங்கம் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "கை ஈரம். என் குரல்ல நீயே பேசு."

"என்ன சொல்லட்டும்ணே?" மூச்சுக்குள் கேட்டான்.

"நான் என்ன சொல்லுவேனோ அத."

"சார், லைன்ல இருக்கீங்களா? அந்த மிஷின இன்னும் ஆன் பண்ணலையே. நாளைக்கு நம்ம பையன் வந்து மாட்டிருவான். ஓகேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

வேணாம் என்பது ஒரே ஒரு சொல். ட்ச் போட்டு அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் ஜெய்ஹிந்துபுரமும் அவனியாபுரமும் அனுப்பானடியும் அப்படியே இருக்கும், அக்கா இறங்கி வந்து மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். வெயிலில் மழை லீவு விட்டவனுக்கு இதுவா கஷ்டம். ஆனால் அந்த ஹெட்மாஸ்டர் குரல் யாருக்கும் தெரியாமல் எடுத்தது. எடுத்தவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இதை அவர் கையால் கொடுத்திருக்கிறார், ஈரக் கையை நீட்டாமல், கண்ணாடி வழியாக. கொடுத்ததை வாங்கிக்கொண்டு அதில் தன் சரக்கை ஏற்ற நா வரவில்லை. அவர் என்ன சொல்லுவார். அந்த நாக்கு எங்கே ஒட்டும், மூக்கு எங்கே திறக்கும், எங்கே மூச்சு வாங்கும் எல்லாம் இவனுக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. இன்சூரன்ஸ்காரன் வந்தால் என்ன சொல்லுவார், கட்சிக்காரன் வந்தால், சீட்டுப் பிடிக்கிறவர் வந்தால். தெரிந்த ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வருகிற எல்லோருக்கும் அவர் சொல்லும் அதே பதில். நிமிராமல், பிடரியில் நுரையோடு, வாயைத் திறந்தான்.

"ட்ச். அப்புறம்... யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

மலைச்சாமி பேப்பரைக் கீழே இறக்கிவிட்டு ராஜாங்கத்தின் வாயைப் பார்த்தார்.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு, மத்த ஊருல எல்லாரும் வந்துட்டாங்க. இன்னொரு நல்ல விஷயம், கூடக் கொஞ்சம் கட்டுற கஸ்டமரை நீங்க முன்னாடியே உக்கார வச்சிக்கலாம். வரிசையே கிடையாது அவங்களுக்கு. உங்களுக்கும் அதுல பங்கு வரும்."

பிளேடு பிடரியிலிருந்து எடுபட்டது. ராஜாங்கம் அவன் தோளுக்கு மேலாகப் போனை நோக்கிக் குனிந்தார். "ட்ச். யோசிக்கவெல்லாம் ஒண்ணுமில்லப்பா. வேணாம். பெட்டிய வந்து எடுத்துட்டுப் போயிரு."

அந்தப் பக்கம் புன்னகை வழுக்கி விழுந்தது. "சார்? அங்க ரெண்டு பேர் பேசறீங்களா?"

"ஒரே ஆள்தாம்ப்பா" என்றான் வசீகரன், மூக்கால். விடமுடியவில்லை.

ராஜாங்கம் முழங்கையால் போனை அணைத்தார். "காசு குடுத்தவன முன்னாடி ஒக்கார வச்சா, பெஞ்சுல இருக்கவன் மூஞ்சியில நான் எப்புடி முழிக்கிறது?" "இப்ப மட்டும் என் மூஞ்சியிலயா முழிக்கிற, கண்ணாடியிலதான முழிக்கிற" என்றார் மலைச்சாமி, பேப்பருக்குள் திரும்பப் போய்க்கொண்டே. பிளேடு மறுபடி பிடரிக்கு வந்தது, இந்தத் தடவை குளிரவில்லை. தொடையில் அக்கா மறுபடி நடுங்க ஆரம்பித்தாள். நடுங்கட்டும், கொஞ்சம் நேரம் நடுங்கட்டும், இதை நேரில்தான் சொல்ல வேண்டும், எந்தக் குரலில் சொல்லலாம், அவள் அத்தா குரலிலா, ரயில்வே அம்மா குரலிலா.

"ஏண்டா" என்றார் ராஜாங்கம். "வாயத் தூக்கி ஒன் கையில குடுத்தா, யோசிச்சுச் சொல்றேங்கிற. வேணாம்னு சொல்ல ஒனக்கு என்ன?"

"நீங்க என்ன நெனச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுல்லண்ணே."

"தெரியாட்டி கேக்கணும். வந்ததுலேருந்து பெட்டியவே பாத்துட்டு ஒக்காந்திருக்க." துண்டால் பிடரியைத் துடைத்தார், பவுடர் பஃபை ஒரு தட்டுத் தட்டினார், வெள்ளைப் புகை எழுந்தது. அதற்குள் இவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒற்றை மணிக்கு, மூக்குக்கு, பெஞ்சுக்கு, டீக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. கண்டக்டர் முன்னால் வந்தார், ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார், கலெக்டர் எழுந்து நின்றார், எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு அவன் உள்ளே தேடினான்.

"தேங்க்ஸ்ணே."

தேய்ந்து, நடுவில் ஒரு இடத்தில் பிசிறடித்து, சின்னதாக வந்தது. ராஜாங்கம் கையை நிறுத்தினார்.

"இது யாருப்பா? கேட்ட மாதிரியே இல்லையே."

"நாந்தாண்ணே."

"ம்ம்" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் குனி."